கை இருக்கும் இடத்தில் மனம்



விடியற்காலை ஐந்து மணிக்கு அடுப்படியில் நின்று தேநீர் கலக்கும் ஒரு தாயை நினைத்துக்கொள்ளுங்கள். கை சர்க்கரை டப்பாவைத் திறக்கிறது. மனமோ நேற்று நாத்தனார் சொன்ன ஒரு சொல்லை மறுபடியும் மறுபடியும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து தாவி, மாதக் கடைசியில் கட்டவேண்டிய மோட்டார் சைக்கிள் தவணைக்குப் போகிறது. அங்கிருந்து பெரிய மகனின் படிப்புக்குப் போகிறது. மனம் அடுப்படிக்குத் திரும்பி வரும்போது, சர்க்கரை போட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை. வாயில் வைத்துப் பார்த்தால் இரண்டு தடவை போட்டாயிற்று.

தேநீர் கெட்டால் வேறு கலந்துகொள்ளலாம். ஆனால் இதே மறதி அரிவாள் பிடித்த கைக்கு வந்தால் என்ன ஆகும்? பள்ளி விட்டு வந்த பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுக்கும் நேரத்தில் வந்தால் என்ன ஆகும்? கையும் உடலும் ஓரிடத்தில் இருக்க, மனம் மட்டும் வேறிடத்தில் அலைவதைப் பற்றியும், அதைத் திரும்ப அழைத்து வருவதில் உள்ள மகிழ்ச்சியைப் பற்றியும் இன்று சிறிது பேசலாம்.

மனம் எவ்வளவு நேரம் இப்படி அலைகிறது என்று கணக்கெடுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் உளநூல் அறிஞர் இருவர், 2010-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரிடம், அவர்கள் எதிர்பாராத நேரங்களில், கைப்பேசி வழியாகக் கேள்வி கேட்டார்கள். இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்? மனம் அந்த வேலையில் இருக்கிறதா, வேறிடத்தில் இருக்கிறதா? இந்த நேரத்தில் உங்களுக்கு மகிழ்ச்சியா, வருத்தமா? வந்த விடைகளில், நூற்றுக்கு ஏறக்குறைய 47 தடவை மனம் வேறிடத்தில்தான் இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சி குறைந்தும் இருந்தது. இனிமையான ஒன்றை எண்ணி மனக்கோட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட, கையிலுள்ள வேலையில் மனம் வைத்திருந்தவர்களைவிடக் கூடுதலாக மகிழ்ந்திருக்கவில்லை. எங்களுக்கு வியப்பளித்த செய்தி இதுதான்.

இந்த அலைச்சலுக்கு எதிரான நிலைக்கு இன்று பல புதுப் பெயர்கள் வழங்குகின்றன. தமிழில் பழைய பெயரே இருக்கிறது. திருக்குறளில் 54-ஆம் அதிகாரத்தின் தலைப்பு ‘பொச்சாவாமை’. வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஏதோ தின்பண்டத்தின் பெயர் போல் இருக்கிறதாம். பொச்சாப்பு என்றால் மறதி, கவனக்குறைவு. பொச்சாவாமை என்றால் மறவாதிருத்தல். அரசனுக்குச் சொன்ன பொருட்பாலில் இந்த அதிகாரம் வருகிறது என்றாலும், அடுப்படிக்கும் அது பொருந்தும். மகிழ்ச்சி மிகுந்த நேரத்தில் வரும் மறதி, அளவு கடந்த கோபத்தைவிடத் தீமையானது என்று வள்ளுவர் அங்கே எச்சரிக்கிறார். சம்பளம் வாங்கிய அன்று மாலை நம் வீடுகள் சிலவற்றில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை.

நேயர்களே, இந்தக் கவனத்தை நாங்கள் முதலில் கண்டது புத்தகத்தில் அன்று. கித்தாக் காட்டில் கண்டோம்.

எங்கள் தகப்பனார் பால்வெட்டுத் தொழிலாளி. பள்ளி விடுமுறைக் காலங்களில், இருட்டு விலகும் முன்பே, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் அவருக்குப் பின்னால் நாங்கள் நடப்போம். ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு மரங்கள். ஏன் அந்த இருட்டிலேயே போகவேண்டும் என்று அப்போது எங்களுக்குக் கோபம் வரும். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டோம். இரவெல்லாம் வேர் உறிஞ்சிய நீர் மரத்தில் நிறைந்திருப்பதால், விடியற்காலையில் பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போக, பால் வரத்துக் குறைந்துவிடும்.

பட்டையின் உட்புறத்தில் பால் குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்கும் உள்ளே, மரத்தை ஒட்டி, மெல்லிய வளர்படலம் ஒன்று இருக்கிறது. புதுப்பட்டையை உண்டாக்குவது அதுதான். கத்தி மேலோடு போனால் பால் வராது. ஆழப் போனால் வளர்படலம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பிறகு அங்கே வெட்ட முடியாது. இந்த இரண்டுக்கும் இடையிலே விடவேண்டிய பட்டை ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒன்றரை. அந்த அரை இருட்டில் அதைக் கண்ணால் அளக்க முடியுமா? கைதான் அளக்கிறது. ஒட்டுப்பாலை உருவி எடுத்து, மங்கைத் துடைத்துத் திருப்பி வைத்து, கத்தியைச் சரிவாக இழுத்தால், மெல்லிய சீவல் ஒன்று சுருண்டு விழும். உடனே வெள்ளைக் கோடு. அதைப் பார்த்துவிட்டு அடுத்த மரம். தகப்பனார் அந்த நேரத்தில் பேச மாட்டார். முகம் மட்டும் வீட்டில் இருப்பதைவிட அமைதியாக இருக்கும்.

அவருடைய நிரையில் ஒரு மரத்தில் பெரிய முண்டு ஒன்று இருந்தது. அதைக் கடக்கும்போதெல்லாம் விரலால் தடவிவிட்டுப் போவார். ஒருநாள் காரணம் கேட்டோம். “உங்க அத்தை கல்யாணத்துல சித்தப்பாவோட சண்டை போட்டேனே, அதுக்கு மறுநாள் வெட்டுனது. கை இங்க இருந்துச்சு, நான் கல்யாண வீட்டுலயே இருந்தேன்” என்றார். அன்றைக்கு மண்டோரிடம் வாங்கிய ஏச்சை அவர் மறந்துவிட்டார். மரம் மறக்கவில்லை.

‘கை இங்கே, நான் அங்கே’ என்று எழுத்தறியாத அவர் சொன்ன அந்தச் சொல்லைப் பல ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரில் வேறு உருவத்தில் கேட்டோம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் சேர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போவது வழக்கம். வாழையிலைச் சாப்பாடுதான் முதல் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோலாலம்பூரைக் கட்டிய செங்கற்களுக்குச் சூளை போட்டதால் பெயர் பெற்ற பகுதி அது. 1886-இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய பிறகு, இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் அங்கே பெருகின. தமிழரும் சிங்களவரும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். விவேகானந்தா ஆசிரமமும் அங்கேதான் இருக்கிறது. 1894-இல் சிங்கள பௌத்தர்கள் அமைத்த சங்கத்தின் மகா விகாரையும் அங்கேதான் இருக்கிறது.

அந்த விகாரையின் தலைமைத் தேரராக நெடுங்காலம் இருந்தவர் கே. ஸ்ரீ தம்மானந்தர். இலங்கையில் பிறந்து, காசியில் பயின்று, 1952-இல் மலாயாவுக்கு வந்தார். 2006-இல் இந்நாட்டிலேயே மறைந்தார். அச்சமும் கவலையும் இன்றி வாழ்வது எப்படி என்பதைப் பற்றியே அவர் ஒரு நூல் எழுதியிருக்கிறார். நாங்கள் போனபோது, விகாரையின் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், “இங்கே தியானம் எங்கே கற்றுக்கொடுக்கிறார்கள், ஐயா?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் துடைப்பத்தை நண்பரிடம் நீட்டினார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. “பெருக்கும்போது பெருக்குவதை மறக்காமல் இருக்க முடிகிறதா பாருங்கள்” என்றார். நண்பர் முற்றத்தின் பாதியைத் தாண்டவில்லை. அதற்குள் அவருடைய மனம் சாப்பாட்டுக் கடைக்குப் போய்விட்டதாம்.

புத்தர் கற்பித்த இந்தப் பயிற்சியைப் பாலி மொழியில் ‘சதி’ என்பார்கள். தமிழில் சதி என்றால் சூழ்ச்சி என்பதால், முதலில் கேட்டபோது விபரீதமாக இருந்தது. அது வடமொழியில் ஸ்மிருதி. பொருள் நினைவு, மறவாமை. வள்ளுவர் வைத்த தலைப்பும் மறவாமைதான் என்று அறிந்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மூச்சு வருவதும் போவதும், நடப்பது, நிற்பது, உண்பது, பேசுவது என்று அன்றாடச் செயல்கள் ஒவ்வொன்றையும் அறிந்து செய்வதே இப்பயிற்சி. வடஇந்தியாவில் குரு நாட்டு மக்களுக்குப் புத்தர் இதைப் போதித்தார். அந்த நாட்டில் வேலைக்காரர்களும் இதைப் பழகினார்கள் என்றும், நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் கூடும் பெண்கள்கூட, வீண்பேச்சுப் பேசாமல், ‘நீ எதைப் பழகுகிறாய்?’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள் என்றும் பழைய பாலி உரை கூறுகிறது. ஆகவே இது மடத்தில் இருப்பவருக்கும் ஓய்வாக இருப்பவருக்கும் மட்டுமே உரியது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குழாயடிக்கும் இது உரியதுதான்.

மேலைநாட்டு மருத்துவமும் இதை எடுத்துக்கொண்டது. 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஸின் என்பவர், தீராத வலியுள்ள நோயாளிகளுக்காகப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். மதச்சார்பு எதுவும் அதில் இல்லை. அவர் வைத்த முதல் பாடம் ஒன்று வேடிக்கையானது. ஓர் உலர்ந்த திராட்சைப் பழத்தைக் கொடுத்து, அதைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து, பிறகு மெதுவாக மென்று தின்னச் சொல்வது. அவ்வளவுதான்.

சரி, இதை நம் வீட்டில் எப்படித் தொடங்குவது? இதற்கென்று தனி நேரம் ஒதுக்க யாருக்கும் இயலாது. அது எங்களுக்குத் தெரியும். ஏற்கெனவே செய்யும் வேலை ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள், ஒன்றே ஒன்று. காலையில் குடிக்கும் முதல் தேநீர் என்று வைத்துக்கொள்வோம். குவளையின் சூடு கையில் படுவது தெரியட்டும். ஆவியின் மணம் தெரியட்டும். முதல் மூன்று மிடறுகள் மட்டும் வேறு எதையும் செய்யாமல் குடியுங்கள். கைப்பேசி எட்டாத இடத்தில் இருக்கட்டும். நிச்சயமாக இரண்டாவது மிடற்றிலேயே மனம் ஓடிவிடும். அதற்காக மனத்தைத் திட்டாதீர்கள். ‘ஓடிவிட்டது’ என்று கண்டுகொண்டீர்கள் அல்லவா, அந்தக் கணத்தில்தான் பயிற்சி நடக்கிறது. ஆயாக் கொட்டகையில் தவழ்ந்து வெளியே போகும் குழந்தையை ஆயா எத்தனை தடவை தூக்கி வந்து பாயில் உட்கார வைக்கிறார்! அடிக்கிறாரா? தூக்கி வருகிறார், அது மறுபடி போகிறது, மறுபடி தூக்கி வருகிறார்.

செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுபவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிமரத்தில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பார்த்துக் குலை பழுத்திருக்கிறதா என்று அறிகிறீர்கள். நீண்ட கம்பத்தின் நுனி அரிவாளை மட்டையில் பொருத்தும்போது, அது எந்தப் பக்கம் விழும் என்று கண்டு ஒதுங்கி நிற்கிறீர்கள். அந்தக் கண்ணை வீட்டுக்கும் கொண்டுவாருங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள். வேலை முடிந்து வந்ததும் வாசற்படியில் செருப்பைக் கழற்றும் இடத்தில் மூன்று மூச்சு நில்லுங்கள். உள்ளே வருவது யார், மண்டோரிடம் ஏச்சு வாங்கிய தொழிலாளியா, பிள்ளைகளின் தகப்பனா? அந்த மூன்று மூச்சில் அது தெரிந்துவிடும். பல வீடுகளில் பிள்ளைகளின் முதுகில் விழும் அடி, உண்மையில் தோட்டத்தில் யாருக்கோ கொடுக்க நினைத்துக் கொடுக்க முடியாமல் போன அடி. ஆசிரியர் என்ற முறையில் அந்த முதுகுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

இங்கே ஒரு பெரியவர் எழுந்து கேட்பார் என்பது எங்களுக்குத் தெரியும். ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டும் இருக்கிறார். “வாத்தியாரே, கூலி பத்தவில்லை, இருக்கும் வீடு நாளைக்கு நமதா என்று தெரியவில்லை. தேநீரை மெதுவாகக் குடி என்கிறீர்களே, இது எங்களை வாய்மூடி இருக்கச் சொல்லும் வேலையா?” நியாயமான கேள்வி. கோலாலம்பூரையும் கிள்ளானையும் சுற்றியிருந்த தோட்டங்கள் எத்தனையோ வீடமைப்புப் பகுதிகளாக மாறி, அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். கவலைப்படாதே என்று இவர்களிடம் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

அவருக்கு நாங்கள் கிள்ளானின் பழைய கதை ஒன்றையே பதிலாகச் சொன்னோம். 1941-ஆம் ஆண்டில், ஜப்பானியர் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. முன்னின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன். தொழிலாளர்களின் கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கான கல்வியும், எல்லாருக்கும் மருத்துவ வசதியும் வேண்டும். நம் பெண்களிடம் தகாத முறையில் நடப்பது நிற்கவேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும்.

இந்தக் கடைசிக் கோரிக்கையைக் கவனியுங்கள். உழைத்துக் களைத்தவனுக்குத் தோட்டம் கொடுத்த ஒரே கேளிக்கை கள்ளுக்கடைதான். அதையே மூடச் சொல்லி அவர்கள் போராடினார்கள். தங்களை மறக்க வைப்பது எது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள். சைக்கிள் செய்தியும் அப்படித்தான். இறங்குவது பழக்கமாகிவிட்டால் கால் தானே இறங்கும். அதில் அவமானம் இருப்பதே தெரியாமல் போய்விடும். தான் என்ன செய்கிறோம் என்று ஒருநாள் உற்றுப் பார்த்தவனுக்குத்தான் அது உறுத்தும். அந்த ஆண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டு நாடுகடத்தப்பட்டார். படையினர் வரவழைக்கப்பட்டனர், தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு மாண்டார்கள். விழித்திருக்கும் மனத்துக்குத் தேநீரின் இனிப்பும் தெரியும், கூலியின் கசப்பும் தெரியும். இவற்றில் ஒன்றை மட்டும் காட்டிக்கொடுக்கும் விழிப்பு எங்கும் இல்லை.

ஆகவே சங்கக் கூட்டத்துக்குப் போக வேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்கத்தான் வேண்டும். வீட்டுக் கவலைக்கு வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கி, கணவனும் மனைவியும் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து பேசுங்கள். அதே கவலை சோற்றுத் தட்டின் முன்னும், படுக்கையிலும், இரவு இரண்டு மணிக்கும் வந்து நின்றால், ‘உனக்கு ஞாயிற்றுக்கிழமை நேரம் கொடுத்திருக்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் இது பாதி நாட்களில் பலிக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தால் அமைதி வராது. பழைய துக்கம் பொங்கி வரும். அவர்கள் கண்ணைத் திறந்தபடியே கைவேலையில் கவனம் வைப்பது நல்லது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, உயிரோடிருக்கப் பிடிக்கவில்லை என்னும் நிலை வந்தால், அது நோய். காய்ச்சலுக்குப் போவது போல் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சொல்லவேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மனம் நொந்தவர்கள் பேசுவதைத் தொலைபேசியில் இரவும் பகலும் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் என்னும் அமைப்பும் 1970 முதல் கோலாலம்பூரில் தொண்டாற்றி வருகிறது.

கடைசியாக, எங்கள் பள்ளியில் நடந்த ஒன்று. மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தோம்: ‘நாளைக் காலையில் கண் விழித்ததும் எழுந்துவிடாதீர்கள். படுத்தபடியே காதுகொடுத்து, கேட்கும் ஒலிகளை எழுதி வாருங்கள்.’ சேவல் கூவியது, குழாயில் தண்ணீர் விழுந்தது, அம்மா தேங்காய் துருவினார், பக்கத்து வீட்டு வானொலி பாடியது என்றெல்லாம் எழுதி வந்தார்கள். ஒரு சிறுமியின் தாளில் ஒரே ஒரு வரி இருந்தது. ‘நாங்கள் எழுந்துவிடக் கூடாது என்று அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய், வெளியே மெதுவாகப் போடும் சத்தம்.’

அந்தத் தகப்பனார் குலை வெட்டுபவர். அதிகம் பேசாதவர். பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திட அவர் பள்ளிக்கு வந்தபோது, அந்தத் தாளை எடுத்துப் படித்துக் காட்டினோம். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு தம் கால் செருப்பைக் குனிந்து பார்த்தார்.

“அப்ப இத்தனை நாளா அது தூங்கலையா, வாத்தியாரே?” என்றார்.